தளர்த்திய மூன்று தந்திகள்

கிட்டாரின் ஆறு தந்திகளில் மூன்றைத் தொடவே வேண்டாம். நான்காவது, மூன்றாவது, இரண்டாவது அப்படியே இருக்கட்டும். ஆறாவதையும் ஐந்தாவதையும் முதலாவதையும் இரண்டு ஃபிரெட் அளவுக்கு இறக்கினால் போதும். தடித்த தந்தியிலிருந்து எண்ணினால் வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ இப்போது டி-ஜி-டி-ஜி-பி-டி. ஜி என்பதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நம் கணக்கில் ப-ஸ-ப-ஸ-க-ப. இடது கையை எங்கும் வைக்காமல் ஆறு தந்திகளையும் வருடினாலே ஒரு முழு கார்டு எழும். ஹவாய்க்காரர்கள் இந்தச் சுருதிக்கு வைத்திருக்கும் பெயர் டாரோ பேட்ச், சேம்பு வயல். பழைய ஹவாயில் சேம்புதான் சோறு.

இறக்குவதற்கு ட்யூனர் கருவி தேவையில்லை. தொடாமல் விட்ட தந்திகளே வழிகாட்டும். நான்காவது தந்தியின் பஞ்சமத்தைக் கேட்டுக்கொண்டே ஆறாவதை இறக்கினால், கீழ் ஸ்தாயியில் அதே பஞ்சமம் வந்து பொருந்தும். முதலாவது தந்திக்கும் அந்த நான்காவதே துணை, மேல் ஸ்தாயியில். ஐந்தாவதற்கு மூன்றாவது. சுருதி நெருங்கும்போது இரண்டு ஒலிகளுக்கும் நடுவே ஓர் அலை எழும். முதலில் படபடவென்று அடிக்கும். திருகை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் அலை நீளும், பிறகு ஓய்ந்துவிடும். ஓய்ந்த இடத்தில் சுருதி சேர்ந்திருக்கிறது. வேண்டிய இடத்துக்கும் சற்றுக் கீழே இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துவது நல்லது. மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி நம்பகமாக நிற்பதில்லை.

சேர்ந்த பிறகு செய்து பார்க்க ஒன்று உண்டு. முதல் தந்தியை மட்டும் மீட்டி, உடனே விரலால் அமர்த்திவிடுங்கள். ஒலி போகாது. ஆறாவதும் நான்காவதும் யாரும் தொடாமலேயே அந்தப் பஞ்சமத்தைப் பிடித்து வைத்திருக்கும். சாதாரணச் சுருதியிலும் இது கொஞ்சம் நடக்கும். மூன்று தந்திகள் ஒரே சுரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருப்பதால் இதில் நன்றாகக் காதில் விழுகிறது.

*

நம் ஊரில் ‘ஹவாயன் கிட்டார்’ என்றால் நினைவுக்கு வருவது வேறு. மடியில் கிடத்தி, எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் அது. அதைப் பரப்பியவர் ஜோசப் கேகூகூ என்ற ஹவாய் இளைஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். டாவ் மோயே என்ற கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி அதை வாசித்தார். இந்தி, வங்காளப் பாட்டுகளுக்குள் அது நுழைந்தது.

நான் சொல்ல வந்தது அதன் மூத்த உறவு. உலகம் ஸ்லாக் கீ என்கிறது, ஹவாயில் கீ ஹோஆலு. எஃகுத் துண்டு கிடையாது. வெறும் விரல்கள், தளர்ந்த தந்திகள். பெரும்பாலும் ஒரே ஆள். விருந்தினருக்குக் காட்டும் ஹவாயில் ஸ்டீல் கிட்டார் முன்னால் நின்றது. இது வீட்டுப் பின்புறத்தில் இருந்தது.

*

கதை மாட்டில் தொடங்குகிறது. 1793-இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர், மன்னர் முதலாம் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசாகக் கொண்டுவந்தார். அவற்றை யாரும் கொல்லக்கூடாது என்று மன்னர் தடை போட்டார். ஹவாயின் மலைச்சரிவுகளில் மாட்டைத் தின்னும் விலங்கு எதுவும் இல்லை. சில பத்தாண்டுகளில் அவை பெருகி, காட்டு மாடாகி, வயல்களையும் வேலிகளையும் மிதித்துத் திரிந்தன. 1830களில் மூன்றாம் கமேஹமேஹா கலிபோர்னியாவிலிருந்து ஆள் வரவழைத்தார். அந்தக் கலிபோர்னியா அப்போது மெக்சிகோவுக்குச் சொந்தம். வந்தவர்கள் குதிரையேறிக் கயிறு வீசி மாடு பிடிக்கத் தெரிந்த வக்கேரோக்கள். ஹவாய் ஆட்களுக்கு அவர்கள் வேலை கற்றுக்கொடுத்தார்கள். ஹவாயின் மாட்டுக்காரர்களான பனியோலோக்கள் அப்படி உருவானவர்கள். சினிமாவில் நாம் பார்க்கும் அமெரிக்க கௌபாயைவிட இவர்கள் காலத்தால் மூத்தவர்கள்.

வக்கேரோக்கள் கிட்டாரும் கொண்டுவந்தார்கள். ஊர் திரும்பும்போது சிலர் அதை விட்டுச் சென்றார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வாசிக்க முழுதாகக் கற்றுக்கொடுக்க அவகாசமில்லை. பெரிய தீவின் வைமேயா மேய்ச்சல் நிலங்களில், இரவில், வாத்தியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் தங்கள் பாட்டுக்கும் குரலுக்கும் தக்கபடி தந்தியைத் திருகிக்கொண்டார்கள்.

இந்தக் கதை எனக்குப் பிடிக்கிறது, ஆனால் பாதியைத்தான் விளக்குகிறது என்று நினைக்கிறேன். மீதிப் பாதி கிட்டாரிலேயே இருக்கிறது. தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்குப் பேஸ் வேண்டும், தாளம் வேண்டும், மெட்டும் வேண்டும். கீழ்த் தந்திகள் திறந்தபடியே ஷட்ஜமும் பஞ்சமமும் தந்துவிட்டால் கட்டைவிரலுக்கு இடது கையின் உதவி வேண்டாம். இடது கை முழுவதும் மெட்டுக்கு மிஞ்சுகிறது. தளர்த்தியவர்கள் இந்தக் கணக்கை விரலால் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

*

கட்டைவிரல்தான் முதல் பாடம். நெடுநாள் அது மட்டும்தான்.

ஜி கார்டில் நான் பழகிய வரிசை: ஐந்தாவது தந்தி, நான்காவது, ஆறாவது, மறுபடி நான்காவது. ஸ, ப, கீழ் ப, ப. டி7-க்கு மாறும்போது ஆறாவதிலிருந்து தொடக்கம். இவ்வளவுதான். அலுப்பூட்டும் வேலை என்று தோன்றும். ஆனால் இதன் மேல்தான் மெட்டு ஏறப்போகிறது. மெட்டின் சுரங்கள் பல இடங்களில் கட்டைவிரலோடு சேர்ந்து விழாமல், இரண்டு கட்டைவிரல் அடிகளுக்கு நடுவில் விழும். கட்டைவிரல் கொஞ்சம் தடுமாறினாலும் மெட்டுக்கு நிற்க இடமில்லை. அது தானாக ஓடுகிறதா என்று அறிய ஒரு வழி, வாசித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது. கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிந்தால் கட்டைவிரல் தயார்.

இரண்டு ஃபிரெட் அளவு இறங்கும்போது தந்தியின் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. சிறிய மாற்றம் போலத் தெரியும், விரலுக்கு அப்படி அல்ல. ஆறாவது தந்தி தொளதொளக்கிறது. வழக்கமான பலத்தோடு அடித்தால் ஃபிரெட்டில் மோதிச் சலசலக்கும். முதல் கணம் சுருதி மேலே எகிறிப் பிறகு இறங்கும். அது பொறுத்துக்கொள்ளும் பலம் ஒன்று உண்டு, அதற்கு மேல் போனால் ஒலி கெடும். ஒருவர் வாசிப்பை மெச்சும்போது ஹவாயில் நஹேநஹே என்பார்கள், இதமாக இருக்கிறது என்ற பொருளில். அந்த இதத்தைத் தீவின் தென்றலுக்கும் கடலுக்கும் காணிக்கையாக்கி எழுதுவது பயணப் பத்திரிகைகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதிக்கு மேல் அது தொளதொளத்த ஆறாவது தந்தி கட்டைவிரலுக்குப் போட்ட கட்டளை.

*

நான் பயில்வது ஓபிஹி மொயெமொயெ. லெனார்ட் குவான் (1931–2000) வாசித்துப் புகழ்பெற்ற உருப்படி. ஸ்லாக் கீ கற்க வருபவர்கள் பலருக்கு முதலில் அமைவது இதுதான். பெயருக்கு உறங்கும் ஓபிஹி என்று பொருள். ஓபிஹி கூம்பு ஓடுள்ள கடல் நத்தை. அலை வந்து அறையும் கரும்பாறைகளில் ஒட்டி வாழும். ஹவாய் விருந்துகளில் அதற்கு மிகுந்த மதிப்பு. பறிக்கப் போனவர்களை அலை இழுத்துக்கொண்டு போனதும் உண்டு. லேசாகத் தொட்டுவிட்டால் பாறையோடு இறுகிவிடும், பிறகு கத்திக்கும் அசையாது. அறியாமல் இருக்கும்போதே ஒரே நெம்பில் எடுக்க வேண்டும்.

உருப்படி எளிமையானது. ஜி, டி7 என்ற இரண்டு கார்டுகளுக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றிவருகிறது. இரண்டு கார்டுதானே என்று தொடங்கினால் எளிமையின் உள்ளே எவ்வளவு வேலை இருக்கிறது என்று மெல்லத் தெரியவரும்.

ஸ்லாக் கீ வாசிப்பு முழுவதிலும் அடிக்கடி வரும் ஒரு சிறு இசைத்தொடர் உண்டு, வேம்ப் என்பார்கள். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் டி7-இலிருந்து ஜி-க்கு வந்து சேரும் இடம். மூன்றாவது தந்தியில் இரண்டாம் ஃபிரெட், முதல் தந்தியில் நான்காம் ஃபிரெட். இரண்டையும் சேர்த்து மீட்டினால் கீழே ரி, மேலே நி. அங்கிருந்து மூன்றாவது தந்தியில் நான்காம் ஃபிரெட், முதல் தந்தியில் ஐந்தாம் ஃபிரெட். கீழே க, மேலே ஸ. இரண்டு சுரங்களும் ஒன்றாக மேலே போகின்றன, ஆனால் ஒரே தூரம் அல்ல. ரி இரண்டு ஃபிரெட் நடந்து காந்தாரத்துக்குப் போகிறது. நி ஒரே ஒரு ஃபிரெட் நகர்ந்து ஷட்ஜத்தில் அமர்கிறது. விரல்கள் சாய்வை மாற்றிக்கொண்டே வழுக்க வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டாவது தந்தி வாய் திறக்கக்கூடாது. கீழே கட்டைவிரல் ஆறாவதிலிருந்து ஐந்தாவதுக்கு வருகிறது. இத்தனையும் ஒரு மூச்சுக்குள்.

இந்த ஒரு நகர்வை மட்டும் எத்தனை மாலைகள் வாசித்திருப்பேன் என்று தெரியவில்லை. வீட்டில் யாரும் புகார் சொல்லவில்லை, அது இந்த வாத்தியத்தின் பெருமை. நிதானமாகக் கேட்டபோது பிடிபட்டது: நி ஷட்ஜத்தை எட்டும் கணத்தில் அவசரம் வந்துவிடுகிறது. இசை தெரிந்த காதுக்கு நிஷாதம் ஷட்ஜத்தை நோக்கி இழுக்கும், விரலும் அந்த இழுப்புக்கு வசப்பட்டு முந்திக்கொள்ளும். குவான் வாசிப்பில் அந்த இடம் அவசரப்படுவதே இல்லை. கட்டைவிரல் வரட்டும் என்று காத்திருக்கிறது.

இதே ஜோடி அமைப்பு மேலேயும் தொடரும். மூன்றாவது தந்தியில் ஐந்து, முதலில் ஏழு. மூன்றாவதில் ஏழு, முதலில் ஒன்பது. இந்த நாலைந்து ஜோடிகளின் சாய்வு கைக்கு வந்துவிட்டால் டாரோ பேட்ச் உருப்படிகளில் பாதி கதவு திறந்த மாதிரி. வஹினே என்ற வகைச் சுருதிகள் வேறு. அவற்றில் ஒன்றில் மூன்றாவது தந்தியையும் ஒரு ஃபிரெட் இறக்கி நிஷாதமாக்கிவிடுவார்கள். திறந்த நிஷாதத்தை மீட்டி, முதல் ஃபிரெட்டில் விரலைத் தட்டி ஷட்ஜத்துக்கு ஏற்றுவது அதன் அழகு. அது பிறகு.

*

சுருதி ரகசியமாக இருந்த காலம் நீண்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கென்று திருகும் முறை உண்டு. வாசித்து முடித்ததும் கிட்டாரைக் கீழே வைக்கும் முன் தந்தியைக் குலைத்துவிடுவார்கள், வெளியார் பார்த்தால் முதுகைக் காட்டி உட்காருவார்கள் என்று சொல்வார்கள்.

இதை வெறும் கஞ்சத்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை. 1893-இல் ராணி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-இல் பள்ளிகளின் பாடமொழி ஆங்கிலம்தான் என்று சட்டம் வந்தது. வீட்டில் பேசும் மொழிக்குப் பள்ளியில் தண்டனை கிடைத்த காலம். நிலம் போயிற்று, ஆட்சி போயிற்று, மொழி பிள்ளைகளின் வாயிலிருந்து போய்க்கொண்டிருந்தது. குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஒன்றைப் பொத்தி வைத்துக்கொண்டார்கள். பொத்தி வைத்ததாலேயே அது அவர்களோடு போய்விடும் நிலையும் வந்தது.

தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் ஏதாவது ஒரு விலை கொடுத்தார்கள். நானாகுலி கடற்கரையில் வளர்ந்த ரேமண்ட் கானே சிறுவயதில் முக்குளித்து மீன் பிடிப்பவர். ஆல்பர்ட் கவேலோ என்பவருக்கு மீன் கொடுத்து, பதிலுக்குப் பாடம் கேட்டார். அந்தச் சிறுவனுக்கு 1987-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலைமரபு விருது கிடைத்தது. கேபி பஹினுயி 1946-இல் ‘ஹிஇலாவே’ பாட்டைப் பதிவு செய்தார். வைப்பியோ பள்ளத்தாக்கின் அருவி ஒன்றின் பெயரைத் தாங்கிய பாட்டு. ஸ்லாக் கீ இசைத்தட்டு வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது என்பார்கள். கேபி பல ஆண்டுகள் ஹொனலுலுவில் சாலைப் பணியாளராகக் கூலி வேலை பார்த்தவர். வைமானாலோவில் அவர் வீட்டில் வார இறுதி முழுக்க ஆட்கள் கூடி வாசிப்பார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் மூலையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

1973-இல் கேயோலா பீமர் ஸ்லாக் கீ பாடநூலை வெளியிட்டார். சுருதிகள் அச்சில் பரவின. தந்திக்கு ஒரு கோடு, ஃபிரெட்டுக்கு ஓர் எண் என்ற டேப் முறையில் யாரும் வாசித்துப் பார்க்கலாம் என்றாயிற்று. முதியவர்கள் சிலருக்கு இது உறுத்தியிருக்கும், நியாயம்தான். ஆனாலும் அச்சிட்டவர் பக்கமே நான். அந்தப் பக்கங்களும் பின்னால் வந்தவையும் இல்லாவிட்டால் பசிபிக் கடலை எட்டிப் பார்க்காத என் போன்ற ஒருவன் இந்தச் சுருதியில் உட்கார்ந்திருக்க முடியாது. கொடுக்க என்னிடம் மீனும் இல்லை.

*

டேப் தாள் எங்கே விரல் வைப்பது என்று சொல்லும். 2, 4. பிறகு 4, 5. எவ்வளவு அழுத்துவது, வழுக்கலை எப்போது தொடங்குவது, கட்டைவிரலின் கனம் எவ்வளவு என்பதைத் தாள் சொல்லாது. இதைத் தாளின் குறை என்று சொல்லமாட்டேன். காதுக்கு விட்டுவைத்த வேலை அது. ஓபிஹி மொயெமொயெவையே பலர் வாசித்த பதிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு பாடாந்தரம். ஒருவரே இரண்டு முறை வாசித்தாலும் சுற்றுக்குச் சுற்று சிறு மாறுதல் வரும். ஆகவே தாளில் இருப்பதை ‘சரியான’ வடிவம் என்று மனப்பாடம் செய்துவிட்டு, பதிவைக் கேட்டு ‘இவர் மாற்றி வாசிக்கிறாரே’ என்று திகைப்பதில் அர்த்தமில்லை. கேட்பது முதலில் வரவேண்டும்.

*

ஒரு சின்னத் தொல்லை. நம் சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தச் சுருதியின் இரண்டாவது தந்தி, அதாவது காந்தாரம், ஒரு பொட்டு உயர்ந்தே ஒலிக்கும். தம்பூராவின் மந்தரத் தந்தியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரத்தோடு ஒப்பிட்டால், கிட்டார் ஃபிரெட்டுகளின் சமபங்குக் கணக்கு தரும் காந்தாரம் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு மேலே நிற்கிறது. மற்ற ஐந்தும் ஷட்ஜமும் பஞ்சமமுமாக ஓய்ந்து கலந்துவிட்ட நிலையில் இது ஒன்று மட்டும் துறுத்திக்கொண்டு நிற்கும். அதைத் தூய காந்தாரத்துக்கு இறக்கினால் திறந்த கார்டு தேனாகிவிடும். ஆனால் அதே தந்தியில் ஃபிரெட் பிடித்து எடுக்கும் சுரமெல்லாம் இறங்கிப்போகும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதே வழி. கிட்டாரோடு வாழ்பவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் பாதி இறக்கி நிறுத்தியிருக்கிறேன். திறந்த தந்திகளை மட்டும் மீட்டிக்கொண்டிருக்கும் நாட்களில் முழுதாக இறக்கிவிடுவதும் உண்டு.

மணியொலி ஒன்றையும் சொல்ல வேண்டும், குவானின் கைக்கு அது தனி அடையாளம். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் உலோகக் கம்பிக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு, மீட்டிய அதே கணத்தில் விரலை எடுக்க வேண்டும். தந்தி இரண்டு பாதியாக அதிர்ந்து மேல் ஸ்தாயி பேசும். ஏழாம் ஃபிரெட்டில் மூன்று பங்கு, ஐந்தாம் ஃபிரெட்டில் நான்கு பங்கு. டாரோ பேட்சில் ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்து ஆறையும் மீட்டினால் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் முழு கார்டும் மணியாக ஒலிக்கும். விரல் எடுக்கப் பிந்தினால் மணி இல்லை, மந்தமான ஒரு தட்டல் மட்டும்.

*

வேகம் கூட்டும் எண்ணம் அவ்வப்போது தலைகாட்டுகிறது. இந்த உருப்படியை வேகமாக வாசிக்க முடியும், தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ஆனால் வேகம் கூடக் கூடத் திறந்த தந்திகளின் ஒலி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடுகிறது. ஐந்தாவது தந்தியின் ஷட்ஜம் டி7 கார்டுக்குள்ளும் இழைந்து வருவது மெதுவாக வாசிக்கும்போது இனிக்கும், வேகத்தில் அதுவே சேறு. சில இடங்களில் கட்டைவிரலின் பக்கவாட்டால் அமர்த்த வேண்டும். சில இடங்களில் ஒலிக்கவே விடவேண்டும். எங்கே எது என்பதற்கு விதி ஏதும் எனக்குத் தட்டுப்படவில்லை. பதிவைக் கேட்பதும் வாசிப்பதும் மறுபடி கேட்பதுமாகப் போகிறது.

வீட்டில் யாரும் தொடாத கிட்டார் ஒன்று இருந்தால் எடுத்துத் தூசு தட்டுங்கள். மூன்று தந்திகளை இறக்குங்கள். லெனார்ட் குவானையும் ரேமண்ட் கானேயையும் சில நாட்கள் கேட்டுவிட்டுக் கட்டைவிரலில் தொடங்குங்கள், தாளைப் பிறகு பார்க்கலாம். யாராவது அருகில் வந்து வாசித்துப் பார்க்கக் கேட்டால், தந்திகளை ஏற்றிவிடாமல் அதே சுருதியில் கையில் கொடுங்கள்.